மணிமேகலை யாருடைய மகள்?

சாகணில் எங்கள் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் ஞாயிறுதோறும் காலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்து வருகிறேன். வகுப்பு என்று சொல்வதே சற்று மிகைதான். பதினோரு பிள்ளைகள், ஒரு வெள்ளைப் பலகை, பாதியில் தீர்ந்துபோகும் பேனா. அப்பாக்கள் பெரும்பாலும் எம்.ஐ.டி.சி. தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள். பிள்ளைகள் தங்களுக்குள் மராத்தியிலும் இந்தியிலும் சண்டை போட்டுக்கொண்டு, என்னிடம் முறையிடும்போது மட்டும் தமிழுக்கு வருவார்கள். சென்ற ஆண்டு ஐம்பெருங் காப்பியங்களின் கதைகளை வாரத்துக்கு ஒன்றாகச் சொல்லி வந்தேன். மணிமேகலைக்கு வந்தபோது, பதின்மூன்று வயதுப் பெண்ணொருத்தி கையைத் தூக்கினாள்.

"ஆன்ட்டி, மாதவிதான் பெத்த அம்மா. அப்போ கண்ணகி மணிமேகலைக்கு ஸ்டெப் மதரா?"

பின்வரிசைப் பையன் ஒருவன், "சாவத்ர ஆயி!" என்று மராத்தியில் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். கேட்டவள் சிரிக்கவில்லை. அவள் ஏன் சிரிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவள் வீட்டுக் கதை எனக்குத் தெரிந்ததுதான். "இல்லம்மா, பெரியம்மா முறை வேணும்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, அமுதசுரபிக்குத் தாவிவிட்டேன். ஆசிரியர்கள் இப்படித் தாவுவதில் கெட்டிக்காரர்கள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் சித்தி வளர்த்த பெண்தான். என்னைப் பெற்றவள் எனக்கு நான்கு வயதிருக்கும்போது போய்விட்டாள். மாயவரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், என்னைக் குளிப்பாட்டிப் பின்னிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அப்பாவின் இரண்டாம் மனைவி. பூம்புகாருக்குப் பள்ளியிலிருந்து சுற்றுலா போனபோது, 1973-இல் திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்தின் சிற்பங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். கண்ணகியைக் கண்டு கைகூப்பிய ஞாபகம் இருக்கிறது. மணிமேகலையைப் பற்றி அப்போது எதுவும் தோன்றவில்லை. அந்தச் சிறுமிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடையைத்தான் இந்த மலரில் எழுத முயல்கிறேன். காலம் தாழ்ந்த விடைதான்.

நம்மில் பலருக்குக் கண்ணகி கதை 1964-இல் வந்த 'பூம்புகார்' திரைப்படத்தின் வழியாகவே தெரியும். சிலம்பு உடைந்தது, மதுரை எரிந்தது, படமும் முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு மகள் இருந்தாள், அவள் வளர்ந்தாள், அவளுக்கென்று ஒரு காப்பியமே இருக்கிறது என்பதை நாம் வினா விடைக்காக மனப்பாடம் செய்திருப்போம்: ஆசிரியர் சீத்தலைச் சாத்தனார், காதைகள் 30, பௌத்தக் காப்பியம். டாக்டர் உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892-லும் மணிமேகலையை 1898-லும் பதிப்பித்தார். பௌத்தக் கருத்துகளை விளங்கிக்கொள்ள அவர் பட்ட பாடு தனிக்கதை. நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது பௌத்தத்தைச் சொல்கிறோம், பசிப்பிணி அறுத்ததைச் சொல்கிறோம். மணிமேகலை என்ற பெண்ணுக்குத் தன் தாய்மார் மீது என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு பதின்மூன்று வயதுப் பெண் கேட்டாள்.

கதையின் தொடக்கத்தையே பாருங்கள். புகாரில் இந்திர விழா. மாதவி ஆடவில்லை என்று ஊர் அலர் தூற்றுகிறது. அவளுடைய தாய் சித்திராபதி, வயந்தமாலையை அனுப்பி அழைக்கிறாள். மாதவி மறுக்கிறாள். மறுக்கும்போது ஒரு சொல் சொல்கிறாள். மணிமேகலை, மதுரையை எரித்த அந்த மாபத்தினியின் மகள். அவள் தவத்துக்கு உரியவளே தவிர இந்தத் தொழிலுக்கு உரியவள் அல்லள் என்பது அதன் கருத்து. பெற்றவளே தன் வாயால், 'இவள் என் மகள் அல்லள், அவள் மகள்' என்று சொல்கிறாள்.

இதைப் பக்தியென்றும் பெருந்தன்மையென்றும் கடந்துபோகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணிகையர் வீட்டில் வழி என்பது தாய்வழி. சித்திராபதியின் மகள் மாதவி, மாதவியின் மகள் மணிமேகலை. அரங்கேறுவதும் அடுத்தவள் வருவதும் அந்த வரிசையில்தான். அந்தச் சங்கிலியை அறுக்க மாதவிக்கு ஒரே வழிதான் இருந்தது. மகளுடைய தாயின் பெயரை மாற்ற வேண்டும். தகப்பன் பெயர் அங்கே உதவாது. ஆகவே தன் பெயரை அடித்துவிட்டுக் கண்ணகியின் பெயரை எழுதினாள். இவ்வளவு பெரிய இழப்பை ஒரு தாய் ஒற்றை வாக்கியத்தில் செய்துமுடிக்கிறாள், சாத்தனாரும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார்.

ஒன்று ஞாபகம் வருகிறது. 2024 மார்ச்சில் மகாராஷ்டிர அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. அந்த ஆண்டு மே 1 அன்றும் அதன் பின்னும் பிறக்கும் குழந்தைகளுக்கு அரசு ஆவணங்களில் முதலில் குழந்தையின் பெயர், அடுத்துத் தாயின் பெயர், அதற்குப் பிறகுதான் தந்தையின் பெயரும் குடும்பப் பெயரும். குடும்பப் பெயர் எது என்று தெரியாமல் இனிஷியலோடு திண்டாடும் நம்மவர்களுக்கு இது இன்னொரு தலைவலி என்று சங்கக் கூட்டத்தில் சிரித்தோம். எனக்குள் மட்டும் ஒரு கேள்வி ஓடிற்று. என் காலத்தில் இப்படி ஒரு கட்டம் இருந்திருந்தால் அப்பா எந்தப் பெயரை எழுதியிருப்பார்? மணிமேகலைக்கு எழுதுவதென்றால் மாதவி எதை எழுதியிருப்பாள் என்பது நமக்குத் தெரிகிறது.

சரி, மகள் என்ன நினைத்தாள்? அடுத்த காதையில், மலர்வனம் புகுவதற்கு முன், மாதவி சொன்னதெல்லாம் பக்கத்தில் மாலை தொடுத்துக்கொண்டிருந்த மணிமேகலையின் காதில் விழுகிறது. தந்தையும் தாயும் பட்ட துயரம் என்றே கவிஞர் சொல்கிறார். இங்கே தாய் என்றது கண்ணகியை. அதைக் கேட்ட பெண்ணின் கண்ணீர் தொடுத்த மாலையில் விழுந்துவிடுகிறது. மாதவி மகளின் முகத்தைப் பார்க்கிறாள், தன் கையாலேயே கண்ணீரைத் துடைத்துவிடுகிறாள். கண்ணீர் பட்ட மாலை தூய்மை கெட்டது, போய் வேறு பூப் பறித்து வா என்கிறாள்.

இந்த இடத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். அழுகை கண்ணகிக்காக. துடைத்த கை மாதவியுடையது. மகள் வேறொரு தாய்க்காக அழுகிறாள் என்பது தெரிந்தே துடைக்கிற கை அது. என் சித்தியும் அப்படித் துடைத்திருக்கிறாள். அம்மாவின் திதி வருகிற நாட்களில் நான் கூடத்து மூலையில் போய் உட்கார்ந்துகொள்வேன். "சரி எழுந்திரு, மூஞ்சியக் கழுவு, இலை போட்டாச்சு" என்பாள். ஆறுதல் வார்த்தை ஒன்றும் இருக்காது. மாதவியும் ஆறுதல் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பூப் பறிக்கத்தான் அனுப்புகிறாள்.

'மாற்றாந்தாய் மனப்பான்மை' என்று நாம் பேப்பரில் படிக்கிறோம். மத்திய அரசு நிதி தராவிட்டால் அந்தச் சொல்தான் வருகிறது. அதை எழுதுகிறவர்கள் மாற்றாந்தாய் யாரையாவது பார்த்திருக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. கைகேயியிலிருந்து தொடங்கி நம் கதைகளும் அப்படித்தான் பழக்கிவிட்டன. இங்கே மராட்டிய மண்ணிலும் அதேதான். சாகண் கோட்டையைச் சுற்றிக் காட்டிய பக்கத்து வீட்டு அம்மையார், 1660-இல் சாயிஸ்தகான் முற்றுகையிட்டபோது பிரங்கோஜி நர்சாளா ஐம்பது நாளுக்கு மேல் தாக்குப்பிடித்ததைச் சொல்லிவிட்டு, பேச்சோடு பேச்சாகச் சம்பாஜி மகாராஜிடம் வந்தார். தாய் சயீபாய் 1659-இல் இறந்தபோது பிள்ளைக்கு வயது இரண்டு. பால் கொடுத்தவள் காபூர்ஹோல் கிராமத்துத் தாராவு, வளர்த்தவர் பாட்டி ஜீஜாபாய். சிற்றன்னை சோயராபாய் பெயரைச் சொல்லும்போது அந்த அம்மையாரின் முகம் சுருங்கிற்று. அரியணைப் போட்டி இருந்தது உண்மைதான். ஆனால் 'சாவத்ர ஆயி' என்ற சொல்லே பாதித் தீர்ப்பை எழுதிவிடுகிறது. பால் கொடுத்த தாராவுக்கு அந்த மொழியில் என்ன பெயர், அவளும் ஒரு தாய்தானே என்று கேட்டேன். "அவள் தாயேதான்" என்றார்.

மீண்டும் காப்பியத்துக்கு வருவோம். மணிமேகலா தெய்வம் இந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய் மணிபல்லவத்தில் வைத்துவிடுகிறது. விழித்துப் பார்க்கிறாள், கடற்கரை, மணல், யாருமில்லை. சுதமதியைத் தேடுகிறாள். அந்தத் தனிமையில் அவள் வாய்விட்டு அழைப்பது தந்தையை. எப்படி அழைக்கிறாள்? ஒரு பெண்ணோடு வேற்று நாடு போய் வாளுக்கு இரையான என் ஐயாவே என்ற பொருளில் அலறுகிறாள். அந்தப் 'பெண்' கண்ணகி! ஊர் முழுக்கப் பத்தினி என்று கொண்டாடும் கண்ணகி, மாதவி தாய் என்று கற்றுக்கொடுத்த கண்ணகி, மகள் பயந்து தனித்து நிற்கும்போது, அப்பாவை அழைத்துக்கொண்டு போன, வளையணிந்த ஒரு பெண்ணாக மட்டும் ஆகிவிடுகிறாள்.

உரைகள் இந்தத் தொடரை நின்று பார்ப்பதில்லை. என் வாசிப்பில் இது காப்பியத்தின் மிக உண்மையான இடங்களில் ஒன்று. கற்றுக்கொடுத்த அன்பு நல்ல நேரத்தில் நிற்கும். பயம் வந்தால் பழைய கணக்கு மேலே வரும். என் அப்பா எங்களை விட்டுவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு வேற்று நாடு போனார், திரும்பி வரவில்லை. இதற்கு மேல் ஒரு குழந்தையின் மனக்குறைக்கு என்ன சொல்ல வேண்டும்? 'வேற்று நாடு' என்பது நமக்கும் புதிய சொல் இல்லை. ஒப்பந்த வேலைக்குப் புறப்பட்ட அப்பாக்களின் பிள்ளைகள் பாட்டி வீட்டில் இருந்து இந்தச் சொல்லைக் கேட்டவர்கள்தான்.

தாயைத் தொட்டு வரும் இழிவையும் அவள் அறிந்தே இருக்கிறாள். உவவனத்தில் உதயகுமரன் அவளைப் பற்றிப் பேசிய பேச்சில், கற்பில்லாதவள், குலக்காப்பு இல்லாதவள், விலைக்கு வருகிறவள் என்பதெல்லாம் அடங்கியிருந்தது. அதைச் சுதமதியிடம் அவளே திருப்பிச் சொல்கிறாள். இவ்வளவும் இகழ்ந்த அந்த அயலான் பின்னாலேயே என் நெஞ்சு போயிற்றே, காமத்தின் இயல்பு இதுதானா என்று கேட்கிறாள். இந்த இகழ்ச்சி முழுவதும் மாதவியின் மகள் என்பதற்காக வந்தது. அப்படியிருந்தும் மாதவி மேல் ஒரு கசப்புச் சொல்லை மணிமேகலை எங்கும் பேசுவதில்லை. நெருக்கமாகவும் அதிகம் பேசுவதில்லை. இந்த மௌனத்தை நான் சாத்தனாரின் குறையாகவே கருதுகிறேன். தருக்கத்துக்கு ஒரு முழுக் காதையை ஒதுக்கியவர், தாயும் மகளும் உட்கார்ந்து பேச ஐம்பது அடி ஒதுக்கியிருக்கலாம். முற்பிறப்பில் மாதவி இவளுக்கு அக்காள், தாரை என்று பெயர், சுதமதி இன்னோர் அக்காள் வீரை என்று தெய்வம் சொல்லிக் கேட்டதும் உறவின் பாரம் ஒரு வகையில் இறங்கிவிடுகிறது. பெற்றவள் அக்காள் ஆகிவிட்டாள். பௌத்தத்துக்கு இது வசதி. வாசகிக்கு நிறைவில்லை.

ஆனால் வேறொன்றைச் சாத்தனார் சத்தமில்லாமல் செய்திருக்கிறார். அதை நான் இந்த வயதில்தான் கண்டுகொண்டேன். மணிமேகலையின் கைக்கு வரும் அமுதசுரபி யாருடையது? ஆபுத்திரனுடையது. ஆபுத்திரன் யார்? சாலி என்பவள் பெற்றவுடன் இரக்கமின்றிப் போட்டுவிட்டுப் போன பிள்ளை. ஒரு பசு வந்து நக்கிக்கொடுத்து ஏழு நாள் பாலூட்டிக் காத்தது. இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து வளர்த்தான். வேள்விப் பசுவை அவன் மீட்கப் போனபோது, பிறப்பைச் சொல்லித்தான் அவனை இகழ்ந்தார்கள். மறுபிறப்பில் சாவகத்தில் அதே பசுவின் வயிற்றில் பிறந்து, பிள்ளையில்லாத அரசன் பூமிசந்திரனுக்கு மகனாகி, புண்ணியராசன் என்று பட்டம் கட்டிக்கொள்கிறான். தான் பசுவின் பிள்ளை என்பதை அவன் கேட்டு அறிவது வளர்த்த தாய் அமரசுந்தரியிடமிருந்து. ஊருக்கெல்லாம் சோறு போட்ட பாத்திரம், தாய் போட்டுவிட்டுப் போன ஒருவன் கையிலிருந்து, தாய் பெயர் மாற்றப்பட்ட ஒருத்தி கைக்கு வருகிறது! இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. வயிற்றில் சுமந்தவள் மட்டும் தாய் என்று இந்தக் காப்பியம் எந்த இடத்திலும் ஒப்புக்கொள்வதில்லை.

இனி 26-ஆவது காதை, வஞ்சி மாநகர். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். மணிமேகலை வான்வழியே வஞ்சிக்கு வந்து கண்ணகி கோட்டத்தில் கண்ணகி, கோவலன் படிமங்களின் முன் நிற்கிறாள். தணியாத அன்புக்குரிய தாய் என்று கவிஞர் இங்கே கண்ணகியைக் குறிக்கிறார். சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் மணிமேகலையும் ஒருமுறைகூடச் சந்திப்பதில்லை. வாழ்த்துக் காதையில் தோழிமார் கண்ணகி படிமத்தின் முன் அரற்றும்போது மாதவி துறவும் மணிமேகலை துறவும் கேட்டாயா என்று செய்தி சொல்கிறார்கள், அவ்வளவுதான் தொடர்பு. கண்ணகிக்குப் பிள்ளை இருந்ததாகச் சிலம்பில் பேச்சில்லை. கல்லாகி நின்ற பிறகுதான் அவளைத் தேடி ஒரு மகள் வருகிறாள்.

வந்த மகள் வணங்கிவிட்டு வரம் கேட்கவில்லை. கேள்வி கேட்கிறாள். கணவன் இறந்ததும் உடன் இறக்கும் கடனை மேற்கொள்ளாமல், கற்பின் கடனைப் பூண்டு ஊரை எரித்தது ஏன், எனக்குச் சொல்லியருள வேண்டும் என்று அழுதபடி கேட்கிறாள். தமிழ்நாடே பேசத் தயங்கும் கேள்வியை மகள் கேட்கிறாள். கண்ணகியும் கோபிக்கவில்லை. எங்கள் இறைவனுக்கு நேர்ந்த துயரம் பொறுக்க முடியாமல் வெகுண்டேன், மதுராபதி பழைய பிறவிக் கதையைச் சொல்லியும் என் சினம் அடங்கவில்லை, ஊரை எரித்தேன், அந்தத் தீவினையின் பயனை நானும் உன் தந்தையும் அனுபவித்தே தீரவேண்டும் என்கிறாள். பரதன் என்ற பெயரில் கோவலன் முன்பு சங்கமனைக் கொல்வித்ததும், சங்கமன் மனைவி நீலியின் சாபமும் அதில் வருகின்றன.

கோயிலில் நிற்கும் தெய்வம், 'நான் செய்தது தவறு' என்று சொல்லும் இடம் இது. சென்னைக் கடற்கரைக் கண்ணகி சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டு 2006-இல் மீண்டும் வைக்கப்பட்டபோது எத்தனை பேச்சு, எத்தனை கட்டுரை! அந்தச் சிலையின் கையில் சிலம்பு இருக்கிறது. மகளின் கேள்விக்குப் பதில் சொன்ன கண்ணகியை அந்தச் சர்ச்சையில் யாரும் நினைத்ததாக எனக்கு நினைவில்லை. பத்தினியாக அவள் அரசனிடம் வழக்காடினாள். தாயாக மகளிடம் கணக்குக் கொடுத்தாள். பின்னது எளிதென்று நான் நினைக்கவில்லை.

பதில் சொன்ன கையோடு புத்திமதியும் சொல்கிறாள். இந்த நகரில் எல்லாச் சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேள், பிறகு பிடகநெறி செல் என்கிறாள். நீ இளையவள், பெண், இந்த உருவத்தில் போனால் உனக்கு மெய்ப்பொருள் சொல்ல மாட்டார்கள், வேற்று வடிவம் எடுத்துக்கொண்டு போ என்கிறாள். இன்டர்வியூவுக்குப் புறப்படும் பெண்ணை வாசலில் நிறுத்தி, அப்படிப் பேசாதே, இதை உடுத்திக்கொண்டு போ என்று சொல்லும் அதே குரல் எனக்குக் கேட்கிறது. மணிபல்லவத்தில், அப்பாவோடு போன யாரோ ஒரு பெண்ணாக இருந்தவள், வஞ்சியில் தாயாகிவிட்டாள். மாதவி சொல்லிக் கொடுத்ததால் மட்டும் அது நேரவில்லை. கேட்க முடிந்தது, பதில் வந்தது, அதனால் நேர்ந்தது.

பெற்ற தாயிடம் கேட்க முடியாததை வாராத தாயிடம் கேட்கிறாள் என்றும் இதைப் படிக்கலாம். நீ ஏன் என்னை உன் மகள் இல்லை என்று சொன்னாய் என்று மாதவியிடம் ஒருநாள் அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நானும் என் சித்தியிடம் ஒன்றைக் கேட்டதில்லை. பள்ளி விண்ணப்பங்களில் அம்மா பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதாமல், இறந்துபோன என் அம்மாவின் பெயரையே எழுதிக் கொடுத்தவள் அவள். அவளுக்கு எழுதத் தெரியும். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அது என் அம்மாவுக்குச் செய்த மரியாதையா, நான் அம்மா என்று கூப்பிடாததற்குச் சொன்ன பதிலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்தக் கட்டுரையின் முதல் பகுதியைப் போன மாதம் போனில் அவளுக்குப் படித்துக் காட்டினேன். எழுபத்தொன்பது வயது. காது சற்று மந்தம். இடையிடையே "ம்" கொட்டிக்கொண்டே வந்தவள், முடிந்ததும், "அந்தக் கண்ணீரத் தொடச்சுவிட்டாளே, பெத்தவ, அவ கடைசியில என்ன ஆனா?" என்று கேட்டாள்.

சுதமதியோடும் அறவண அடிகளோடும் காஞ்சிக்குப் போய்விட்டாள், மகளும் பிறகு அங்கே போய்ச் சேர்ந்துகொண்டாள் என்றேன்.

"மக போய்ச் சேந்துட்டாளா? அப்பச் சரி" என்றாள்.

அடுத்த ஞாயிறு அந்தச் சிறுமிக்காக 26-ஆவது காதையை எளிய உரைநடையில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அவள் வகுப்பு முடியும்வரை காத்திருந்து அந்தத் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். வாசலில் ஸ்கூட்டரில் காத்திருந்த பெண்மணி அவளிடம் ஹெல்மெட்டை நீட்டினாள். கழுத்துவார் மாட்டவில்லை. அவளே குனிந்து மாட்டிவிட்டாள்.